கட்டணச் சீட்டைப் பிள்ளையிடம் காட்டுங்கள்

(பிளஸ் டூ முடித்த மாணவர்களின் பெற்றோருக்காகப் பாரிவாக்கத்தில் நடந்த கூட்டத்தில், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்குப் பெற்றோர் எவ்வளவு செலவு செய்யலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடிந்ததைக் கொடுங்கள். எவ்வளவு கொடுக்கிறீர்கள், அது எங்கிருந்து வருகிறது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும்படி கொடுங்கள். உங்கள் முதுமைக்கென்று இருக்கும் காசைத் தொடாதீர்கள். இன்னொரு பிள்ளைக்குச் சேர வேண்டிய பங்கையும் தொடாதீர்கள். அதற்குமேல் தேவைப்படுவது படிக்கிறவர் பெயரில் கடனாக இருக்கட்டும்.

காலை ஏழு மணிக்குப் பூந்தமல்லி - ஆவடி சாலையில் வந்து நின்று பாருங்கள். பனிமலர், எஸ்.ஏ., சவீதா, ராஜலட்சுமி, வேல்டெக் என்று கல்லூரிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த ஊர் இது. விளைநிலம் மனையாகிவிட்டது. மனை விற்ற பணத்தில் ஒரு பங்கு வீடாக நிற்கிறது, இன்னொரு பங்கு இந்தப் பேருந்துகளில் ஏறிப் போயிருக்கிறது. அதில் தவறில்லை. 2021-22ஆம் ஆண்டின் ஒன்றிய அரசுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. நாடு முழுவதற்கும் அது 28.4. இந்த உயரத்துக்கு அரசு மட்டும் நம்மைக் கொண்டுவரவில்லை. கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்த அம்மாக்களும், ஓவர்டைம் பார்த்த அப்பாக்களும் கொண்டுவந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை. அவர்கள் கடைசிக் காலத்தில் கையேந்தி நிற்கக்கூடாது என்ற கவலையில்தான் வந்திருக்கிறேன்.

1984-85 வாக்கில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பு இடம் கிடைக்குமா என்பதுதான் பெற்றோருக்குக் கவலை. பிறகு பணம் கட்ட முடியுமா என்பது கவலையாகிவிட்டது. நன்கொடை வசூலைத் தடுக்க 1992-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. கட்டணத்தை வரையறுக்க நீதிபதி தலைமையில் குழு வந்தது. 2017-இல் அந்தக் குழு நிர்ணயித்த கட்டணத்தைச் சொல்கிறேன். கலந்தாய்வு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய்; தர அங்கீகாரம் பெற்ற படிப்பென்றால் 55,000. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, அங்கீகாரம் பெற்றதற்கு 87,000. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் பொறியியல் படிப்புகள் இந்த வரம்புக்கு வெளியே இருப்பவை. அங்கே பேச்சே லட்சங்களில்தான். பேருந்து, விடுதி, தேர்வுக் கட்டணம், லேப்டாப் எல்லாம் தனி.

இங்கே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். கலந்தாய்வில் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைக்கிறது. இன்னும் பெயர் பெற்ற கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டுமானால் நிர்வாக ஒதுக்கீட்டில்தான் வாங்க வேண்டும். அந்தக் கூடுதல் பணத்தை யாருக்காகக் கொடுக்கிறோம்? பிள்ளை கேட்டானா, அல்லது பக்கத்து வீட்டில் சேர்த்துவிட்டார்கள் என்பதற்காகவா? கல்யாண வீட்டில் “பையன் எங்கே படிக்கிறான்?” என்று கேட்டால் சொல்லிக்கொள்ள ஒரு பெயர் வேண்டும் என்பதற்காகச் செலவாகும் பணம் இந்த ஊரில் கொஞ்சமில்லை. அதைப் படிப்புச் செலவில் சேர்க்காதீர்கள்.

கல்விக்கடன் விண்ணப்பங்கள் வரும் மேசையில் நான் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன். அங்கே திரும்பத் திரும்பப் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒருவர் அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு, கம்பெனிச் சட்டையோடு வருவார். கையில் துணிப்பை. அதில் ரேஷன் கார்டு ஜெராக்ஸ், வருமானச் சான்று, சாதிச் சான்று, கல்லூரி கொடுத்த போனஃபைட், கட்டண விவரக் கடிதம் எல்லாம் பிளாஸ்டிக் உறையில் வரிசையாக இருக்கும். பக்கத்தில் மகன். நான் மகனைப் பார்த்துக் கேட்பேன்: “தம்பி, உனக்கு முதல் வருஷம் மொத்தம் எவ்வளவு ஆகுது?” அவன் அப்பாவைப் பார்ப்பான். அப்பா முந்திக்கொண்டு சொல்வார்: “அவனுக்கு அதெல்லாம் தெரியாது சார். அவன் படிச்சாப் போதும்.”

அந்த அப்பாவின் மனசு எனக்குப் புரிகிறது. தான் பட்ட கஷ்டத்தின் நிழல்கூட மகன்மேல் விழக்கூடாது என்று நினைக்கிறார். ஆனால் கொஞ்ச நேரத்தில் அதே மகன் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறான். கடனாளி அவன்தான், அப்பா இணைக் கடனாளி. விரல் வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம், ஒரு வரி படிக்காமல் போடுகிறான். நாளை தவணை தவறினால் இரண்டு பேருடைய சிபில் மதிப்பெண்ணும் சரியும். தனக்குப் படிப்பு இவ்வளவுக்கு வருகிறது என்று தெரியாமலே நான்கு வருடத்தை முடிக்கும் பிள்ளை, வேலைக்குச் சேர்ந்ததும் பைக்குக்கும் செல்போனுக்கும் தவணை போடுகிறான். கல்விக்கடன் தவணையை அப்பா கட்டிக்கொண்டிருக்கிறார். மகன் கெட்டவன் இல்லை. அவனிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

“சொன்னால் பயந்துவிடுவானே, படிப்பில் கவனம் போய்விடுமே” என்று சில தாய்மார்கள் கேட்பார்கள். நியாயமான கவலை. ஆனால் கணக்கைச் சொல்வது வேறு, சொல்லிக் காட்டுவது வேறு. ஜூன் மாதம் ஒரு நாள் சாப்பிட்டு முடித்ததும் ஒரு நோட்டை எடுத்து வைத்து, “இந்த வருஷம் உன் ஃபீஸ் இவ்வளவு, இதில் என் சம்பளத்திலிருந்து இவ்வளவு, சீட்டு எடுத்தது இவ்வளவு, பாங்கில் உன் பெயரில் வாங்குவது இவ்வளவு” என்று சொல்வது கணக்கு. ஒரு அரியர் வைத்துவிட்டான் என்றதும் “உனக்காக என் வளையலை அடகு வைத்தேனே” என்று அழுவது சொல்லிக் காட்டுவது. முதலாவது பிள்ளையைப் பெரியவனாக மதிப்பது. இரண்டாவது அவனைக் குற்றவாளியாக்குவது. கணக்கே தெரியாமல் வளர்ந்த பிள்ளைக்கு வளையல் விஷயம் அந்த அழுகையில்தான் முதன்முதலாகத் தெரிகிறது. அதனால்தான் அது அவனை அப்படி உடைத்துப் போடுகிறது. வீட்டுக்குத் தெரியாமல் அரியரை மறைக்கிற பிள்ளைகள், கடைசியில் என்ன செய்வதென்று தெரியாமல் விபரீதமாக யோசிக்கிற பிள்ளைகள் எல்லாம் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பணத்தைப் பற்றிச் சாதாரணக் குரலில் பேசிப் பழகிய வீட்டில், தோல்வியைப் பற்றியும் சாதாரணக் குரலில் பேச முடியும்.

உங்கள் எல்லோருக்கும் தெரிந்த ஓர் எடுத்துக்காட்டு. அப்துல் கலாமுக்குக் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. சேரச் சுமார் ஆயிரம் ரூபாய் தேவை. தந்தையிடம் இல்லை. அக்கா ஜோஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். இதை ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் அவரே சொல்லியிருக்கிறார். நாம் வழக்கமாக அக்காவின் தியாகத்தோடு கதையை நிறுத்திவிடுகிறோம். அடுத்து நடந்ததுதான் நமக்கு முக்கியம். எந்த நகை, யாருடையது என்பது தம்பிக்குத் தெரிந்திருந்தது. என் சம்பாத்தியத்தில் அதை மீட்பேன் என்று அவர் அப்போதே முடிவெடுத்தார். உதவித்தொகை வாங்கும் அளவுக்குப் படிப்பதுதான் அதற்கு வழி என்று கண்டுகொண்டார். விவரம் தெரிந்ததால் அந்த இளைஞர் ஒடிந்துபோகவில்லை. எதற்காக உழைக்கிறோம் என்பது அவருக்குத் தெளிவாக இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். பதினெட்டு வயது முடிந்த, உடல்நலமுள்ள மகனின் கல்லூரிச் செலவை அப்பா ஏற்றே ஆகவேண்டும் என்று நம் ஜீவனாம்சச் சட்டம் சொல்வதில்லை. மணமாகாத மகளுக்கு நிலை வேறு. தன்னைத்தானே பராமரித்துக்கொள்ள முடியாத மகளைப் பதினெட்டுக்குப் பிறகும் பராமரிக்கும் பொறுப்பை 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம் பெற்றோர்மேல் வைக்கிறது; அந்தச் சட்டம் பராமரிப்பு என்பதில் கல்வியையும் சேர்த்தே சொல்கிறது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், படிப்புச் செலவைப் பெற்றோரிடமிருந்து பெறுவது மகளின் உரிமை என்று ஒரு வழக்கில் தெளிவாகச் சொன்னது. மறுபக்கம், வயதான பெற்றோரைப் பிள்ளைகள் காப்பாற்ற வேண்டும் என்று 2007-இல் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள். அந்தச் சட்டத்தைத் தேடிக்கொண்டு கோட்டாட்சியர் அலுவலகப் படி ஏறும் நிலை உங்களில் ஒருவருக்கும் வரக்கூடாது. அதனால்தான் பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள் என்கிறேன். பிள்ளையின் மேற்படிப்புக்கு அதில் ஒரு பகுதியை எடுக்க விதி இடம் தருகிறது. விதி இடம் தருவதாலேயே எடுத்துவிடக் கூடாது. படிப்புக்கு வங்கியில் கடன் கிடைக்கும். அறுபது வயதில் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் எந்த வங்கியும் கடன் தராது.

இப்போது மகளைப் பற்றி. இதில் எனக்கு ஆற்றாமை உண்டு. மகனுக்கு நிர்வாக ஒதுக்கீட்டில் லட்சங்கள் கட்டிய வீட்டில், அவனைவிடக் கூடுதல் மதிப்பெண் வாங்கிய மகளுக்கு “பக்கத்திலேயே ஏதாவது ஆர்ட்ஸ் காலேஜ் போதும், நகை சேர்க்க வேண்டியிருக்கே” என்று முடிவெடுத்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கலைக் கல்லூரி மட்டமானதல்ல. மாநிலக் கல்லூரியிலோ பாரதி மகளிர் கல்லூரியிலோ விரும்பிச் சேரும் பெண், சில ஆயிரம் ரூபாயில் ஓர் ஆண்டை முடித்து, நல்ல ஆசிரியர்களிடம் படித்து வெளியே வருவாள். சாதாரணக் கட்டணப் பேருந்தில் அவளுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட்டும் இல்லை. அவள் விரும்பிப் போகிறாளா, அண்ணனுக்குக் கொடுத்தது போக மிச்சம் இல்லாததால் போகிறாளா என்பதுதான் என் கேள்வி. பூர்வீக நிலத்தை விற்று மகனின் கட்டணத்தைக் கட்டுகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 1989-லேயே தமிழ்நாடு பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு கொடுத்துவிட்டது. அந்த நிலத்தில் மகளுக்கும் சமபங்கு இருக்கிறது. அவளைக் கேட்காமல் விற்றுக் கட்டிய கட்டணம் அவளுடைய பணமும்தான்.

எல்லாப் பாரத்தையும் பெற்றோர் தலையிலேயே வைப்பது நம் மரபும் அல்ல. புறநானூற்றில் பொன்முடியார் பாடிய ஒரு பாட்டு, ஒரு மகனை ஆளாக்கும் கடமையைப் பலருக்குப் பிரித்துத் தருகிறது. தாய்க்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று, வேல் வடித்துத் தரும் கொல்லனுக்கு ஒன்று, நாடாளும் வேந்தனுக்கு ஒன்று. கடைசியில் அந்த மகனுக்கும் ஒன்று. அந்தப் பங்கீடு இன்றைக்கும் சரி. கும்பகோணத்தில் ஜவுளிக்கடைக் கணக்கரின் மகன் ராமானுஜனுக்குக் கல்லூரி உதவித்தொகை நின்றுபோனது. அப்பாவின் சம்பளத்தால் அந்த இடத்தை நிரப்ப முடியவில்லை. 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுக்க முன்வந்த பிறகுதான் அவர் முழுநேரமும் கணிதம் செய்ய முடிந்தது.

அரசு கொடுக்கும் பங்கை முழுவதும் வாங்கிவிட்டு, பிறகு உங்கள் பையில் கை வையுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால், 2010-இல் தொடங்கிய திட்டத்தில் கலந்தாய்வு வழியே சேரும் தொழிற்படிப்புக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளி மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன்; இருவருக்கும் மாதம் ஆயிரம் ரூபாய் அவர்கள் வங்கிக் கணக்குக்கே வருகிறது. அந்த ஆயிரத்தைத் தயவுசெய்து வீட்டுச் செலவுக்கு வாங்கிக்கொள்ளாதீர்கள். அந்தப் பிள்ளை முதன்முதலாகச் சொந்தமாகக் கணக்கு எழுதப் போகும் பணம் அது.

வெளிநாடுகளில் ஆளுக்கொரு விதம். ஜெர்மனியில் பிள்ளையின் தகுதிக்கேற்ற படிப்பை முடிக்கும்வரை பெற்றோர் பராமரிக்க வேண்டும் என்று சிவில் சட்டமே சொல்கிறது. முடியாத குடும்பத்துக்கு அரசு தரும் உதவியில் பாதி மானியம், பாதி வட்டியில்லாக் கடன். இலங்கையில் கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி 1945-லிருந்து நடக்கிறது. யாழ்ப்பாணத்துப் பெற்றோர் அரசுப் பல்கலைக்கழகக் கட்டணத்துக்காகக் காணி விற்க வேண்டியதில்லை, தங்கும் செலவுக்கு வழி செய்தால் போதும். நம் ஏற்பாடு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதனால்தான் நாமே கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

சரி, கணக்கைப் போடுவோம். பிள்ளைகளும் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம் கல்விக்கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். நான்கு லட்சம் வரை சொத்து ஈடு தேவையில்லை. வட்டி பத்து விழுக்காடு என்போம். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி 50,000. இரண்டாவதற்கு 40,000, மூன்றாவதற்கு 30,000, நான்காவதற்கு 20,000. ஆக ஒரு லட்சத்து நாற்பதாயிரம். தவணை தொடங்கும்போது கடன் 5,40,000. பத்து ஆண்டில் அடைத்தால் மாதம் சுமார் 7,140 ரூபாய். மொத்தம் ஏறக்குறைய 8,56,000.

இப்போது பெற்றோர் அந்த ஐந்து ஆண்டும் வட்டியை மட்டும் கட்டிவருகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டில் மாதம் 833 ரூபாய், நான்காம் ஆண்டில் 3,333. தவணை தொடங்கும்போது கடன் நான்கு லட்சமாகவே நிற்கும். மாதத் தவணை சுமார் 5,290. பத்து ஆண்டில் மொத்தம் 6,34,000 சொச்சம். நீங்கள் கட்டிய ஒன்றரை லட்சத்துக்கும் குறைவான தொகை, பிள்ளையின் தோளிலிருந்து ஏறக்குறைய இரண்டே கால் லட்சத்தை இறக்கிவிடுகிறது. நம்மைப் போன்ற மாதச் சம்பளக் குடும்பம் செய்யக்கூடிய நல்ல உதவி என்று நான் கருதுவது இதைத்தான்: சோறும் வீடும் உங்களுடையது, படிக்கும் காலத்து வட்டி உங்களுடையது, அசல் அவனுடையது. குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களில் தொழிற்படிப்பு படிப்பவர்களுக்கு அந்த வட்டியையும் ஒன்றிய அரசே ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. விண்ணப்பிக்கும்போதே வருமானச் சான்றைச் சேர்த்துக் கொடுங்கள்.

இதை விட்டுவிட்டு, பாங்குக்கு அலைய வேண்டாம் என்று மூன்று வட்டிக்கு வெளியில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று வட்டி என்றால் ஆண்டுக்கு 36 விழுக்காடு. நான்கு லட்சத்துக்கு மாதம் 12,000 வட்டி மட்டுமே போகும், அசல் அப்படியே நிற்கும். படிப்புக்கென்று அந்தக் கடன் எந்த வீட்டிலும் நுழையக்கூடாது.

கைச்செலவுக்கு மாதம் முதல் தேதி ஒரு தொகையை அவன் கணக்கில் போட்டுவிடுங்கள். எவ்வளவு என்பது உங்கள் சம்பளத்தைப் பொறுத்தது. போட்ட பிறகு ஒவ்வொரு டீக்கும் கணக்குக் கேட்காதீர்கள். இருபதாம் தேதி தீர்ந்துவிட்டதென்றால் மறுபடி போடவும் செய்யாதீர்கள். விடுமுறையில் வேலைக்குப் போகிறேன் என்றால் விடுங்கள். லண்டனில் படிக்கும் சொந்தக்காரப் பையன் வாரம் இருபது மணி நேரம் ஓட்டலில் தட்டுக் கழுவுகிறான் என்று பெருமையாகச் சொல்லும் நாம், நம் மகன் பூந்தமல்லிக் கடைத்தெருவில் பில் போட்டால் மானம் போனதாக நினைக்கிறோம். அந்த எண்ணத்தை நாம் விட்டாக வேண்டும். ஆனால் முதல் தலைமுறையாகப் படிக்கிற பிள்ளைக்குச் செமஸ்டர் நேரத்தில் வேலை வேண்டாம். ஆங்கிலப் பாடப் புத்தகத்தோடு தனியாகப் போராடும் அந்தப் பிள்ளைக்கு நேரம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய தேவை.

அரியர் வைத்தால் யார் கட்டுவது என்று முன் வரிசையில் ஒரு அம்மா சற்றுமுன் கேட்டார். முதல் ஆண்டு அரியர் என்றால் நீங்கள் கட்டுங்கள் அம்மா. பள்ளிக்கூடத்திலிருந்து கல்லூரிக்கு மாறுவதில் எல்லோருக்கும் ஒரு தடுமாற்றம் இருக்கும். மூன்றாம் ஆண்டிலும் வந்தால், அவன் கைச்செலவிலிருந்து அவனே கட்டட்டும். படிப்பே பிடிக்கவில்லை என்று இரண்டாம் ஆண்டில் சொன்னால், அதுவரை கட்டியதை நினைத்து அவனை அங்கேயே பிடித்து வைக்காதீர்கள். அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் சேர்ந்து ஒரு தொழிலைச் சுத்தமாகக் கற்றுக்கொண்டு வருகிறவன் யாருக்கும் குறைந்தவனில்லை.

வங்கிக்குப் போகும்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள், பேசவும் அவனை விடுங்கள். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பத்தை அவனே நிரப்பட்டும். “எங்கள் கிளையில் இப்போது கல்விக்கடன் இல்லை” என்று வாய்மொழியாகத் திருப்பி அனுப்பினால் திரும்பி வராதீர்கள். கிளை மேலாளர் மறுப்பதாக இருந்தால் மேலதிகாரியின் ஒப்புதலோடுதான் மறுக்க வேண்டும். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கட்டண விவரக் கடிதம் கையோடு கொண்டுவந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் இந்த மேடைப் பக்கம் பிள்ளையோடு வாருங்கள். உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்ப்போம். எந்தத் தொகை நிர்ணயித்த கட்டணம், எது கல்லூரி தானாகச் சேர்த்தது என்பதைப் பிள்ளையே பேனாவால் குறித்துக்கொள்ளட்டும்.